டர்போ காரில் பூஸ்ட் கேஜ்: எந்த ஹோஸிலிருந்து அழுத்தத்தை எடுப்பது?

உங்கள் கார் டர்போவுடனேயே தயாராகி வந்த பெட்ரோல் கார். மெக்கானிக்கல் வகை பூஸ்ட் கேஜ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறீர்கள். பிரேக் மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு டி (T) வடிவ மூவழி இணைப்பைப் போட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். காரின் பழுதுகளைக் கண்டறிவதற்கான ஓபிடி (OBD) சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகிவிட்டால் கேஜே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். இவர்களில் யார் சொல்வது சரி என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் எந்த இடத்தில் கைவைக்கலாம், அப்படிக் கைவைப்பதால் பின்னாளில் கெடுதல் வருமா என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன். பல ஆண்டுகளாக டர்போ இன்ஜின்களைப் பழுதுபார்த்து வருகிறேன், இந்தக் கேஜ்களைப் பொருத்தியும் கழற்றியும் பழகியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கேஜ் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையே இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் நிலவும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதையே முள் காட்டுகிறது. பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் வேக்கம் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம்) உண்டாகி, முள் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். ஆக்ஸிலேட்டரை அழுத்தி டர்போ வேலை செய்யத் தொடங்கியதும் பூஜ்யத்தைத் தாண்டி மேலே ஏறும், இந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். 1 பார் என்பது 100 கிலோபாஸ்கல், 14.5 பிஎஸ்ஐ. வேக்கத்தைப் பெரும்பாலான கேஜ்கள் பாதரச அங்குலத்திலோ பாரிலோ காட்டுகின்றன. உங்களிடம் இருக்கும் மெக்கானிக்கல் கேஜுக்குள் இருப்பது பூர்தோன் குழாய். யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழந்தைகள் ஊதும் காகிதச் சுருள் பீப்பி, காற்று உள்ளே போனதும் விரிந்து நீள்வதைப் போல, வளைந்த தட்டையான உலோகக் குழாய் ஒன்று அழுத்தம் ஏறும்போது சற்றே நிமிர்கிறது. அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. இதற்கு மின்சாரம் வேண்டியதில்லை, விளக்குக்கு மட்டுமே வயர் போகும். ஆனால் மேனிஃபோல்டிலிருந்து காருக்குள் கேஜ் வரைக்கும் ஒரு ஹோஸ் வந்தே ஆக வேண்டும். இந்த வேலையில் கவனம் தேவைப்படுவதெல்லாம் அந்த ஹோஸினால்தான். நீங்கள் போடும் ஒவ்வோர் இணைப்பும், என்றாவது ஒருநாள் காற்று கசியக்கூடிய புதிய இடம். ஆகவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், முள் சரியாகக் காட்டுமா என்று கேட்பதோடு, இந்த இணைப்பு கழன்றுவிட்டால் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்காத இடத்தை நான் தொடுவதில்லை.

அப்படிப் பார்க்கும்போது முதலில் விலக்க வேண்டியது உங்களுக்குச் சொல்லப்பட்ட பிரேக் பூஸ்டர் ஹோஸ். அந்த ஹோஸில் காற்றை ஒரு பக்கம் மட்டுமே போகவிடும் செக் வால்வு ஒன்று இருக்கிறது. மேனிஃபோல்டில் பூஸ்ட் ஏறும்போது அது மூடிக்கொண்டு, பிரேக் பூஸ்டரில் சேர்ந்திருக்கும் வேக்கம் போய்விடாமல் காக்கிறது. செக் வால்வுக்கும் பிரேக் பூஸ்டருக்கும் இடையில் டி போட்டால் கேஜ் வேக்கத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும், பூஸ்ட்டைக் காட்டவே காட்டாது. மேனிஃபோல்டு பக்கமாகப் போட்டால் அளவு சரியாக வரும் என்பது உண்மைதான். ஆனால் பல கார்களில் இந்த வால்வு ஹோஸின் உள்ளேயே பதிந்திருப்பதால், எந்தப் பக்கம் எது என்பது வெளியிலிருந்து தெரிவதில்லை. இதைவிடப் பெரிய காரணம், அந்த இணைப்பு கசிந்தால் பாதிக்கப்படுவது பிரேக் என்பது. பூஸ்டருக்குப் போதிய வேக்கம் கிடைக்காதபோது பெடல் கல்லாகிவிடும். ஒரு கேஜுக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டிய தேவை எந்தக் காரிலும் இல்லை. உங்களுக்கு அதைச் சொன்னவர், தடிமனான, எளிதில் கை எட்டுகிற ஹோஸ் அது என்பதால் சொல்லியிருப்பார். அந்த வசதி இங்கே ஒரு காரணமாகாது.

அடுத்தது, டர்போவின் வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ். வேஸ்ட்கேட் என்பது எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை டர்போவின் சக்கரத்தில் படாமல் திருப்பிவிட்டு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் கதவு, அதைத் திறக்கும் கருவி ஆக்சுவேட்டர். டர்போவின் பக்கத்திலேயே கண்ணில் படுவதால் பலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழுத்தத்தால் இயங்கும் வேஸ்ட்கேட்டில், பூஸ்ட் போதிய அளவை எட்டிவிட்டது என்று ஆக்சுவேட்டருக்குத் தெரிவிப்பதே அந்த ஹோஸ்தான். அதில் கசிவு ஏற்பட்டால் ஆக்சுவேட்டருக்கு உண்மையைவிடக் குறைந்த அழுத்தமே போய்ச் சேரும். வேஸ்ட்கேட் தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறும். இப்படி ஒரு கார் என்னிடம் வந்திருக்கிறது. டி இணைப்பில் கிளாம்பும் இல்லை, கேபிள் டையும் இல்லை. ஹோஸின் முனை வெப்பத்தில் கெட்டியாகி, விரலால் தொட்டதும் கழன்று வந்தது. ஓவர்பூஸ்ட் என்று பி0234 எண்ணில் பிழை பதிவாகி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ சக்தியைக் குறைத்திருந்ததால்தான் அந்த இன்ஜின் பிழைத்தது. கசிவே இல்லாவிட்டாலும் இந்த ஹோஸ் சரியான அளவைத் தராது. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) அந்த வழியில் இருந்தால், ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தில் ஒரு பகுதியை அது வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அங்கே அளப்பது மேனிஃபோல்டின் அழுத்தமாக இருக்காது.

மேனிஃபோல்டு அழுத்தத்தை ஈசியூவுக்குத் தெரிவிக்கும் மேப் சென்சார் சில இன்ஜின்களில் ஹோஸ் மூலம் இணைக்கப்பட்டிருக்கும். பழைய இன்ஜின்கள் சிலவற்றில் எரிபொருள் அழுத்த ரெகுலேட்டருக்கும் இப்படி ஒரு ஹோஸ் போகும். இந்த இரண்டையும் தொடாதீர்கள். பூஸ்ட்டில் ஓடும்போது மேப் சென்சாரின் ஹோஸ் கசிந்தால் இன்ஜினுக்குள் போகும் காற்று குறைவு என்று ஈசியூ தவறாக எண்ணிக்கொள்ளும். ரெகுலேட்டரின் ஹோஸ் கசிந்தால் பூஸ்ட்டுக்கு ஏற்ப எரிபொருள் அழுத்தம் உயராமல் போகும். எப்படிப் பார்த்தாலும், அதிகச் சுமையில் இருக்கும் நேரத்தில் சிலிண்டருக்குள் பெட்ரோல் குறைகிறது. பிஸ்டன் உருகுவதும் உடைவதும் இந்த நிலையில்தான். பெட்ரோல் ஆவியை டேங்கிலிருந்து கொண்டுவரும் ஹோஸிலும், கிரேங்க்கேஸ் காற்றைக் கொண்டுவரும் ஹோஸிலும் செக் வால்வுகளும் எண்ணெய்ப் படிவும் இருக்கும் என்பதால் அவையும் உதவாது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள பெரிய குழாயில் எடுத்தால் வேக்கமே தெரியாது. த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது இன்ஜினுக்குள் நுழையாத அழுத்தத்தையும் சேர்த்துக் காட்டும்.

அப்படியானால் எங்கே எடுப்பது? மேனிஃபோல்டிலேயே ரப்பர் மூடி போட்டு அடைத்த, பயன்படாத நிப்பிள் (ஹோஸை மாட்டும் சிறு குழாய் முனை) ஒன்று இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. எந்த ஹோஸையும் வெட்ட வேண்டியதில்லை, நாளை கேஜைக் கழற்றினாலும் பழைய மூடியைத் திரும்பப் போட்டுவிடலாம். அது இல்லையென்றால், த்ராட்டில் மூடும்போது தேங்கும் அழுத்தத்தை விடுவிக்கும் ப்ளோ ஆஃப் வால்வு அல்லது பைபாஸ் வால்வுக்கு மேனிஃபோல்டிலிருந்து போகும் கட்டுப்பாட்டு ஹோஸில் டி இணைப்பைப் போடலாம். அந்த இணைப்பு கழன்றால் வால்வு சரியாக மூடாமல் பூஸ்ட் குறையும், காற்று சீறும், ஐட்லிங் தடுமாறும். இவை எல்லாம் ஓட்டுபவருக்கு உடனே தெரியக்கூடிய குறைகள், இன்ஜினை உடைக்கும் குறைகள் அல்ல. அந்த ஹோஸின் நடுவே சோலனாய்டு இருந்தால், சோலனாய்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் டி வர வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் பைபாஸ் வால்வு உள்ள புதிய கார்களில் இந்த ஹோஸே இருக்காது, நிப்பிளும் இருக்காது, மேப் சென்சார் நேரடியாக மேனிஃபோல்டில் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். இத்தகைய இன்ஜின்களுக்கு, சென்சாருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் அடாப்டர் தகடு கிடைக்கிறது. அதன் பக்கவாட்டில் நிப்பிள் இருக்கும். அந்தக் குறிப்பிட்ட இன்ஜினுக்கென்றே செய்த தகடாக, புதிய ஓ-ரிங்குடன் இருந்தால் அதை நம்பலாம். பெரும்பாலான மேனிஃபோல்டுகள் பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது. மேனிஃபோல்டை இன்ஜினிலிருந்து கழற்றாமல் துளை போடவே போடாதீர்கள், துருவல் நேராகச் சிலிண்டருக்குள் போய்விடும்.

இந்தப் பதிலைப் படிப்பவர்களில் டீசல் கார் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். டீசல் இன்ஜின் காற்றைத் த்ராட்டிலால் அடைத்துக் கட்டுப்படுத்துவதில்லை, ஆகவே மேனிஃபோல்டில் குறிப்பிடத்தக்க வேக்கம் உண்டாவதில்லை. பிரேக் பூஸ்டருக்கான வேக்கத்தைத் தனி பம்ப் ஒன்று தருகிறது. பானட்டைத் திறந்தால் தெரியும் மெல்லிய ஹோஸ்களில் பல அந்தப் பம்ப்பைச் சேர்ந்தவை. அவற்றில் கேஜை இணைத்துவிட்டு, இன்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் முள் வேக்கத்திலேயே நிற்கிறது, கேஜ் பழுது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இப்போதைய டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றிலும் இந்தப் பம்ப் இருக்கிறது. உங்கள் பிரேக் பூஸ்டர் ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகாமல் பம்ப்புக்கே போகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடம் முடிவானதும் இணைக்கும் வேலை எளிது, ஆனால் அவசரப்படக் கூடாது. இன்ஜின் முழுவதும் குளிர்ந்த பின் தொடங்குங்கள். டி இணைப்பின் மூன்று கால்களும் அந்தந்த ஹோஸின் உள்விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். பெரிய ஹோஸைச் சிறிய காலில் மாட்டி கிளாம்பை இறுக்கிச் சமாளிப்பது நிற்காது. ஹோஸைக் கத்தரிக்கோலால் நசுக்காமல், கூரான பிளேடால் நேராக வெட்டுங்கள். ஒவ்வொரு முனையிலும் சிறு கிளாம்ப் அல்லது இறுக்கமான கேபிள் டை இருக்க வேண்டும். வேக்கம் ஹோஸை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது சரிதான், ஆனால் பூஸ்ட் அதை வெளியே தள்ளும். கேஜோடு கொடுத்திருக்கும் நைலான் குழாய் வளைவுகளில் மடிந்து அடைபடும். இன்ஜின் பக்கத்தில் அதற்குப் பதிலாக நல்ல சுவர்த் தடிமன் உள்ள சிலிகான் வேக்கம் ஹோஸைப் போடுவது என் வழக்கம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போவின் வெப்பப் பகுதி, சுழலும் பெல்ட் ஆகியவற்றிலிருந்து நன்றாக விலகி ஹோஸ் போக வேண்டும்.

இன்னொரு சிறு பொருளை வற்புறுத்திச் சொல்வேன். டி இணைப்பிலிருந்து கேஜுக்குப் போகும் ஹோஸின் தொடக்கத்திலேயே, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளை மட்டும் உள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைச் செருகுங்கள். முள் நடுங்காமல் நிற்பதற்காகவே இதைப் பலர் போடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமான பயன் வேறு. காருக்குள் எங்காவது ஹோஸ் கழன்றாலும், அந்தச் சிறு துளை வழியாக எவ்வளவு காற்று போகுமோ அவ்வளவுதான் கசியும். கேஜின் முனையில் அல்லாமல் இன்ஜின் முனையில் அது இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு கிடைக்கும்.

இன்ஜின் அறையையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலைக் கடக்க, ஏற்கனவே வயர்கள் போகும் பெரிய ரப்பர் கிராமெட்டைப் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) பயன்படுத்துங்கள். தகட்டில் புதுத் துளை போட நேர்ந்தால் அதற்கும் கிராமெட் போட வேண்டும், இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு அதிர்விலேயே ஹோஸை அறுத்துவிடும். உள்ளே வந்தபின் பெடல்களுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் அருகில் தொங்காதபடி கட்டிவிடுங்கள். வயரிங்கில் சொல்ல அதிகமில்லை. எரிபொருளோ சென்சாரோ சம்பந்தப்பட்ட வயர்களைத் தொடாமல், ஃபியூஸ் பெட்டியிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்திலிருந்து கிளை எடுக்கும் சிறு இணைப்பு) வழியாக, கேஜின் கையேடு சொல்லும் அளவு ஃபியூஸுடன் மின்சாரம் எடுங்கள். பார்க்கிங் விளக்கோடு சேர்ந்து எரிய வேண்டும் என்று டாஷ்போர்டு விளக்கின் வயரில் இணைப்பவர்கள் உண்டு. அந்த விளக்கைத் துடிப்பு மின்னோட்டத்தால் மங்கச் செய்யும் புதிய கார்களில், இப்படி இணைத்த கேஜ் விளக்கு மினுக்கும்.

எங்கே பொருத்துவது என்பதில் ஒரு கடுமையான எச்சரிக்கை உண்டு. முன் கண்ணாடியின் ஓரத் தூணில் பொருத்தும் பாட்கள் (கேஜை வைக்கும் கூடுகள்) பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பக்கவாட்டுக் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது விரியும் வழி அந்தத் தூணின் மூடிக்குள்தான் இருக்கிறது. அங்கே திருகு போட்டுப் பிடித்த கேஜ், விபத்தின்போது ஏர்பேக்கைத் தடுக்கலாம், அல்லது தானே கழன்று முகத்தை நோக்கி வரலாம். ஆகவே உங்கள் காரில் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் அந்த இடம் வேண்டாம். மஞ்சள் நிற உறையோ கனெக்டரோ உள்ள வயர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை, அவற்றைச் சோதிக்கக்கூட மல்டிமீட்டர் முனையை வைக்காதீர்கள். டாஷ்போர்டைத் திறக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

இனி ஓபிடி யோசனைக்கு வருகிறேன். அது தவறான யோசனை இல்லை. எந்த ஹோஸையும் வெட்டாமல் மேப் சென்சாரின் அளவைப் படிக்கலாம் என்பது பெரிய நன்மை, பூஸ்ட் எவ்வளவு வருகிறது என்று அறியும் ஆர்வம் மட்டுமே உள்ளவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பதும் அதைத்தான். ஆனால் அதன் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மேனிஃபோல்டு அழுத்தத்துக்கான பொதுவான ஓபிடி அளவு, வெற்றிடத்திலிருந்து கணக்கிடும் முழு அழுத்தம். அது 0 முதல் 255 கிலோபாஸ்கல் வரைக்கும்தான் போகும். கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் 101 கிலோபாஸ்கலைக் கழித்தால் ஏறக்குறைய 1.5 பார், அதாவது 22 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு மேல் அந்த அளவால் சொல்ல முடியாது. பல கார்களில் அளவு புதுப்பிக்கப்படும் வேகமும் குறைவு, கியர் மாற்றும் கணத்தில் ஏற்படும் உச்சம் தெரியாமலே போய்விடும். மூன்றாவது வழி எலெக்ட்ரானிக் கேஜ். சென்சார் இன்ஜின் அறையிலேயே நின்றுவிடும், காருக்குள் வயர் மட்டுமே வரும். நீங்கள் இன்னும் கேஜ் வாங்காமல் இருந்திருந்தால் இதையே சொல்லியிருப்பேன். வாங்கியதை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லமாட்டேன், மேலே சொன்னபடி பொருத்திய மெக்கானிக்கல் கேஜ் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடும்.

வேலை முடிந்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கைப்பம்ப் இருந்தால், டி இணைப்பிலிருந்து கேஜ் வரையுள்ள ஹோஸில் 0.7 பார் அழுத்தம் கொடுத்து நிறுத்துங்கள். முள் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நீரை அப்போதுதான் தடவ வேண்டும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டு காற்றை உள்ளே இழுப்பதால் குமிழி வராது, அதை வைத்துக் கசிவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. கடல்மட்டத்துக்கு அருகில், சூடான பெட்ரோல் இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை வேக்கம் காட்டுவது பொதுவானது, பாரில் ஏறக்குறைய 0.6 முதல் 0.7. உயரம் கூடக்கூட இது குறையும், 300 மீட்டருக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பொருத்திய பிறகு ஐட்லிங் தடுமாறினாலோ, கலவையில் பெட்ரோல் குறைவு என்று பி0171 அல்லது பூஸ்ட் குறைவு என்று பி0299 பதிவானாலோ, வேறெங்கும் தேடுவதற்கு முன் நீங்கள் போட்ட இணைப்பைப் பாருங்கள்.

பூஸ்ட் அளவைப் படிப்பதில்தான் உறுதியாகச் சொல்லக்கூடியதும் சொல்லக்கூடாததும் கலந்து கிடக்கின்றன. உங்கள் காரில் ஆரோக்கியமான நிலையில் முள் எங்கே வரை போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பின்னாளில் அது மாறும்போது ஏதோ நடந்திருக்கிறது என்பது உறுதி. என்ன நடந்திருக்கிறது என்பது அந்த முள்ளை மட்டும் பார்த்து உறுதியாவதில்லை. பூஸ்ட் குறைந்தால் இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், வேஸ்ட்கேட் முழுதாக மூடாமல் இருக்கலாம், இன்ஜின் சூட்டினாலோ நாக்கிங்கினாலோ (சிலிண்டருக்குள் கலவை முறைதவறி வெடிப்பது) ஈசியூவே பூஸ்ட்டைக் குறைத்திருக்கலாம். கீழ் கியர்களில் குறைவாகவும் மேல் கியர்களில் அதிகமாகவும் பூஸ்ட் வருவது பல கார்களில் இயல்பு. முழு ஆக்ஸிலேட்டரில் முள் ஒருகணம் மேலே போய்ப் பின் சற்று இறங்கி நிற்பதும் இயல்புதான். பூஸ்ட் கூடினால் சக்தி கூடும் என்றும் எப்போதும் கொள்ள முடியாது. அழுத்தம் என்பது காற்றின் அளவை மட்டும் குறிப்பதில்லை, அதன் வழியில் இருக்கும் தடையையும் சேர்த்தே குறிக்கிறது. அதே 1 பார் அழுத்தத்தில் சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. பிறர் கார்களின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளில்லை. சென்ற மாதம் இதே சாலையில், இதே கியரில் உங்கள் கார் காட்டிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நீங்கள் காரின் பெயரையோ இன்ஜின் குறியீட்டையோ எழுதவில்லை. ஆகவே எந்த ஹோஸ் எது என்று இங்கிருந்தபடி என்னால் சுட்டிக்காட்ட முடியாது, யாராலும் முடியாது. ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு வேக்கம் ஹோஸ்களின் வழி மாறுகிறது. பழுதுபார்ப்புக் கையேட்டில் வேக்கம் ஹோஸ் வரைபடம் இருக்கும், பல கார்களில் பானட்டின் அடியிலேயே ஒட்டியிருப்பார்கள். வெட்ட நினைக்கும் ஹோஸின் இரு முனைகளையும் அந்த வரைபடத்தில் கண்டுபிடித்துவிட்டு வெட்டுங்கள். ஒரு முனை எங்கே போகிறது என்று தெரியவில்லையென்றாலும் அதை விட்டுவிடுங்கள். இன்ஜின் குறியீட்டை எழுதினால், அந்த இன்ஜினில் வேலை செய்த அனுபவம் இருக்கும் பட்சத்தில் இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.